கொழிஞ்சாம்பாறையிலிருந்து கால்நடை மருத்துவர் ஆவது எப்படி

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, எட்டரை மணி இருக்கும். வடகரப்பதிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து போன். கன்று போட்டு இரண்டு நாளான பசு படுத்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் கல்லூரியில் இரண்டாம் வருஷம் விலங்கியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், ஒரு மாதமாகவே “அண்ணா, ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

பசு நெஞ்சை மண்ணில் வைத்துப் படுத்திருந்தது. தலையைத் திருப்பி விலாவின் மேல் சாய்த்து வைத்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது, மூக்கு வறண்டிருந்தது. நாலாவது ஈற்று, நல்ல கறவை. பால் காய்ச்சல் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெயரில்தான் காய்ச்சல், உண்மையில் உடம்பு குளிர்ந்து போயிருக்கும். கன்று போட்டதும் மடி ஒரேயடியாகச் சுண்ணாம்புச் சத்தை இழுப்பதால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். தசை வேலை செய்யாது. கழுத்து ரத்தக் குழாயில் ஊசி ஏற்றி, 450 மில்லி கால்சியம் பாட்டிலை மெதுவாக விட ஆரம்பித்தேன். ஒரு காதில் ஸ்டெதஸ்கோப். அவசரப்பட்டு வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும், அதனால் துடிப்பைக் கேட்டுக்கொண்டே விட வேண்டும். அவள் டார்ச் பிடித்திருந்தாள்.

கால் மணி நேரத்தில் தொடைத் தசைகள் நடுங்கின. ஒரு ஏப்பம் வந்தது. சாணி போட்டது. மூக்கில் பொடிப்பொடியாக வியர்வை பூத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் பேசாமல் பசுவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்றும் நாளையும் மடியைச் சுத்தமாகக் கறந்துவிட வேண்டாம், கொஞ்சம் விட்டு வையுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: “நானும் இதைப் படிக்கணும்ணா. டிகிரி முடிச்சுட்டு எம்.எஸ்ஸி. மாதிரி இதுக்குச் சேரலாமா?”

முடியாது. ஆனால் வழி இருக்கிறது. அன்று அவளுக்குச் சொன்னதையும், அப்புறம் ஒரு வருஷமாக அவளோடு சேர்ந்து அலைந்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கேரள எல்லைக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசும் பிள்ளைகளுக்காக எழுதுவது. நம் நிலைமை பாலக்காட்டுப் பிள்ளைக்கும் வராது, பொள்ளாச்சிப் பிள்ளைக்கும் வராது.

முதலில் ஒரு மாதம் சாணி மிதியுங்கள்

விண்ணப்பம், நுழைவுத் தேர்வு எல்லாம் அப்புறம். நாய்க்குட்டி பிடிக்கும், பூனை பிடிக்கும் என்பதை வைத்து ஐந்தரை வருஷப் படிப்பை முடிவு செய்ய வேண்டாம். நம் ஊர்ப் பஞ்சாயத்து ஒவ்வொன்றிலும் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மலையாளத்தில் மிருகாசுபத்திரி, நமக்கு மாட்டாஸ்பத்திரி. அங்கே இருக்கும் டாக்டரிடம் போய், “சார், நான் இந்தப் படிப்புக்கு முயற்சி பண்றேன், காலையில ஒரு மணி நேரம் நின்னு பார்த்துக்கலாமா” என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்படியே மறுத்தாலும் அடுத்த பஞ்சாயத்துக்குப் போங்கள்.

பால் சொசைட்டிக்கும் போங்கள். காலை ஐந்தரைக்குக் கேனோடு வருபவர்கள் பேசுவதைக் கேட்டாலே பாதிப் பாடம் வந்துவிடும். எந்த மாடு சினை நிற்கவில்லை, எதற்கு மடிநோய், யார் வீட்டுக் கன்று கழிகிறது, கடலைப் பிண்ணாக்கு என்ன விலை. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மழை குறைந்த பூமி. மற்ற கேரளம் மாதிரி பச்சைப்புல் வருஷம் முழுக்கக் கிடைக்காது. கோடையில் தீவனச் செலவு ஏறும்போது முதலில் நிறுத்தப்படுவது தாது உப்புக் கலவைதான். நாலு மாதம் கழித்து மாடு பருவத்துக்கு வரவில்லை என்று அதே வீட்டிலிருந்து நமக்குப் போன் வரும்.

மாட்டின் பக்கத்தில் நிற்கப் பழகும்போது இதை முதலில் செய்து பாருங்கள். இடது விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு பள்ளம் தெரியும். அதில் முஷ்டியை மடக்கி மெதுவாக அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நில்லுங்கள். உள்ளே முதல் வயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும். நல்ல மாட்டுக்கு இரண்டு நிமிஷத்தில் இரண்டு முதல் நாலு தடவை வரும். வரவே இல்லையென்றால் அந்த மாட்டுக்கு ஏதோ சரியில்லை. அந்தத் தள்ளலைக் கையில் உணர்ந்ததும் உங்களுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறதா, இல்லை கையை எப்போது கழுவலாம் என்று தோன்றுகிறதா? நானாக இருந்தால் நீட் மதிப்பெண்ணைவிட அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும்போது கூடப் போகக் கேளுங்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய்ப் போடுகிறார்கள். காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணைக் குறித்துக் கொடுப்பது போன்ற வேலையை உங்களிடம் தருவார்கள். ஒரே நாளில் ஐம்பது வீடு பார்க்கலாம். நாலு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்க்கான ஊசி போடும்போது மட்டும் தள்ளி நில்லுங்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி தவறி நம் கையில் குத்தினால் அந்த நோய் நமக்கும் வரும்.

இன்னொன்றும் அங்கே தெரிந்துவிடும். நாள் முழுக்க நாம் பேசுவது மாட்டோடு இல்லை, மாட்டுக்காரரோடு. அன்றைக்குப் பால் காய்ச்சல் பார்த்துத் திரும்பும்போது அவளுக்கு ஆச்சரியமே அதுதான். “பசுகிட்ட இருந்ததைவிட அந்தப் பாட்டிகிட்டதான் நீங்க அதிக நேரம் இருந்தீங்க” என்றாள். மனுஷரோடு பேசப் பிடிக்காமல் மிருகத்தோடு இருக்கலாம் என்று இந்தப் படிப்புக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், ரொம்பக் கஷ்டப்படுவார்கள்.

பி.எஸ்ஸி. கணக்கில் வராது

நம் நாட்டில் கால்நடை மருத்துவம் என்பது பி.வி.எஸ்ஸி. அண்டு ஏ.ஹெச். என்ற இளநிலைப் பட்டம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். நாலரை வருஷம் பாடம், ஒரு வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. வெளிநாட்டில் சில இடங்களில் முதலில் ஒரு டிகிரி, அப்புறம் கால்நடை மருத்துவம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் விலங்கியல் டிகிரி ஒரு படி என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அந்தப் படியே கிடையாது. நீங்கள் கல்லூரியில் எத்தனையாவது செமஸ்டரில் இருந்தாலும், பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு அதே வரிசையில்தான் நிற்கப் போகிறீர்கள்.

அதனால் வயதைக் கணக்குப் போடுங்கள். இப்போது 19 என்றால், அடுத்த வருஷம் இடம் கிடைத்து முடிக்கும்போது 25, 26. டிகிரியை முடித்துவிட்டே வருவேன் என்றால் 27, 28. கேரளத்தில் 2024 முதல் நாலு வருஷ டிகிரி வந்துவிட்டது, மூன்றாம் வருஷம் முடிவில் வெளியே வரலாம். நீட் தேர்வுக்கு இப்போது மேல் வயது வரம்பு இல்லை. ஆக, வாசல் அடைபடவில்லை.

என் கருத்து: கையில் இடம் வரும்வரை கல்லூரியை விடாதீர்கள். “விட்டால்தான் முழு மூச்சாகப் படிக்க முடியும்” என்று வீட்டில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாதமே கல்யாணப் பேச்சிலோ கடைப் பொறுப்பிலோ மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்த வாரத்தில் டி.சி. வாங்க ஓட வேண்டியிருக்கும். அதற்குக் கல்லூரி அலுவலகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

நீங்கள் எந்த மாநிலத்துப் பிள்ளை?

நம் ஆட்கள் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வீடு கொழிஞ்சாம்பாறையில். அம்மா வீடு ஆனைமலையில். பத்தாவதுவரை தமிழ் மீடியம், ஆனால் கேரள எஸ்.எஸ்.எல்.சி. பிரசவத்துக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போனதால் பிறப்புச் சான்றிதழ் பொள்ளாச்சியில். ரேஷன் கார்டு இந்தப் பக்கம், தாத்தா பூமி அந்தப் பக்கம். நம் ஊரில் பாதி வீட்டுக் கதை இப்படித்தான் இருக்கும். பேசும் மொழியை வைத்து எந்த அலுவலகமும் இடம் கொடுக்காது. காகிதம் என்ன சொல்கிறதோ அதுதான் நீங்கள்.

கேரள ஒதுக்கீட்டுக்கு, நீங்களோ பெற்றோரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த இடம் கேரளம் என்று இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் வில்லேஜ் ஆபீசர் தரும் நேட்டிவிட்டி (பூர்வீக) சான்றிதழ் வேண்டும். கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் விண்ணப்பித்தால் போதும், ஆனால் எதை வைத்துத் தருவது என்று வில்லேஜ் ஆபீசில் கேட்பார்கள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புப் பதிவு, பழைய நில வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் நேட்டிவிட்டியோடு, பள்ளிப் படிப்பை எங்கே படித்தீர்கள் என்பதும் சேர்ந்து வரும். அந்தப் பக்கம் படித்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. கேரளப் பள்ளியில் படித்துவிட்டுப் பூர்வீகம் தமிழ்நாடு என்று காட்டப் போனால் தாசில்தார் தரும் இருப்பிடச் சான்றிதழ் இல்லாமல் நடக்காது. இ-சேவை மையத்தில் போடலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மீனாட்சிபுரத்தில் வீடு, எல்லை தாண்டிப் போய் அந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் இதை விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் இருக்கும் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிக்கு அது பொருந்தாது.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். இரண்டு மாநிலப் பட்டியலும் ஒன்றல்ல. அந்தப் பக்கம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் சாதி இந்தப் பக்கம் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பூர்வீக மாநிலத்தில்தான் மாநில ஒதுக்கீட்டுச் சலுகை. குடிபெயர்ந்த மாநிலத்தில் அது கூடவே வராது. “எங்க மாமா பையனுக்குக் கோயமுத்தூர்ல கிடைச்சுதே” என்ற பேச்சை நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம் பெயர். நம் ஊரில் இனிஷியல் ஒரு தனிப் பிரச்சினை. தமிழ்நாட்டு ஆவணத்தில் முன்னால் வரும், கேரள ஆவணத்தில் பின்னால் வரும், ஆதாரில் அப்பா பெயரே முழுசாக நிற்கும். என் அப்பா பெயர் ஒரு சான்றிதழில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவால் அந்த எழுத்தைத் தட்டிக் காட்டியபோதுதான் பார்த்தோம். அப்பா அன்று பஸ் பிடித்து ஊருக்கு வந்து, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்று வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. உங்கள் அப்பாவை அப்படி ஓட விடாதீர்கள். எல்லா ஆவணத்தையும் இன்றைக்கே தரையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

வாசல்கள்

கேரள வாசல்: கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டு கல்லூரிகள், திருச்சூர் மண்ணுத்தியிலும் வயநாடு பூக்கோட்டிலும். மண்ணுத்தி 1955-இல் தொடங்கியது. நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். ஆனால் நீட் மட்டும் எழுதினால் போதாது, இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். மாநில நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் கீம் விண்ணப்பத்தையும், மருத்துவம் சார்ந்த படிப்புகள் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்துத் தனியாகப் போட வேண்டும். அது வருஷத் தொடக்கத்திலேயே வந்துவிடும். நீட் ரிசல்ட் வந்தபிறகு அந்த மதிப்பெண்ணையும் அந்தத் தளத்தில் போய்ச் சேர்க்க வேண்டும். நல்ல மார்க் வாங்கிவிட்டுக் கீம் போடாமல் விட்டதால் ஒரு வருஷம் போன பிள்ளைகள் வருஷாவருஷம் உண்டு.

தமிழ்நாட்டு வாசல்: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 1989-இல் தொடங்கியது, இந்தத் துறைக்கென்றே நாட்டில் அமைந்த முதல் பல்கலைக்கழகம். இங்கே மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். உயிரியல் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. பொதுப் பிரிவில் இடம் கிடைப்பவர்களின் கட் ஆஃப் 200-ஐ ஒட்டியே நிற்கும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரி, அப்புறம் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி. நமக்குப் பக்கம் உடுமலை. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித்தான் விண்ணப்பம் வரும். ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவருக்கு மார்க் மாறப்போவதில்லை, ஆகவே இப்போதே பேப்பரில் கணக்குப் போட்டால் இந்த வாசல் உங்களுக்குத் திறக்குமா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, அகில இந்திய ஒதுக்கீடு. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் 15 சதவீத இடங்களை இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. இதற்கும் தனிப் பதிவு, தனிக் கட்டணம், தனிக் கலந்தாய்வு. எம்.பி.பி.எஸ். கலந்தாய்வோடு சேர்ந்து தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற சிக்கல் இதில் கிடையாது என்பது நமக்குப் பெரிய ஆறுதல். ராஜஸ்தானிலோ அசாமிலோ கிடைத்தால் போவீர்களா என்று மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். புதுச்சேரியிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நீட் படிப்பு

பொதுவாக மே மாதம் முதல் ஞாயிறு. 180 கேள்வி, 720 மார்க். தப்பான விடைக்கு ஒரு மார்க் குறையும். அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, 360 மார்க். விலங்கியல் படிக்கும் உங்களுக்கு அதில் ஒரு பிடி இருக்கும் என்று தோன்றும். கொஞ்சம் ஜாக்கிரதை. டிகிரியில் படித்ததை வைத்து யோசித்து, பாடப்புத்தகத்தில் நேராக இருக்கும் வரியைத் தவற விடுவது கல்லூரிப் பிள்ளைகளின் வழக்கமான தப்பு. என்.சி.இ.ஆர்.டி. வரியைத்தான் கேட்பார்கள். கேரள பிளஸ் டூவுக்கு அதே புத்தகம்தான் என்பதால் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாவரவியலைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்கும், அதை முதலில் எடுங்கள். இயற்பியல்தான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது. தினம் ஒரு மணி நேரம் கணக்கு மட்டும் போடுங்கள், வாசிக்க வேண்டாம்.

தமிழில் தேர்வு எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற சில இடங்களின் மையங்களில்தான் கிடைக்கும், பாலக்காட்டு மையம் எடுத்தால் கிடைக்காது. தமிழ் வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும்போதே கோயம்புத்தூரை மையமாகத் தேர்ந்தெடுங்கள். வேலந்தாவளம் வழியாகப் போனால் நமக்குத் தூரமும் ஒன்றுமில்லை.

வீட்டில்

“இவ்வளவு படிச்சு மாட்டு டாக்டரா?” என்று ஒரு மாமா கேட்பார். கேட்கட்டும். பெண் பிள்ளை என்றால், “மாட்டுக்குள்ள கைய விடணுமாமே” என்று ஒரு அத்தை ஆரம்பிப்பார். ஆமாம், விட வேண்டும், தோள்வரை. சினைப் பரிசோதனைக்கு அதுதான் வழி. என்னோடு படித்தவர்களில் பெண்கள்தான் அதிகம். மெலிந்த கைக்கு அந்த வேலை சுலபமாக வருகிறது என்பதை ஆடு பிரசவம் பார்க்கும்போது பலமுறை கண்டிருக்கிறேன். என் கை நுழையாத இடத்தில் என் வகுப்புத் தோழியின் கை நுழைந்து குட்டியின் காலைத் திருப்பியிருக்கிறது.

சேர்ந்த பிறகு

முதல் வருஷம் மிருகத்தைக் குணப்படுத்துவது எல்லாம் கிடையாது. எலும்பு. மாட்டெலும்பு, குதிரையெலும்பு, நாயெலும்பு, ஒவ்வொன்றிலும் உள்ள மேடு பள்ளத்துக்கெல்லாம் பெயர். உடற்கூறியல் கூடத்து ஃபார்மலின் வாடை சோற்றிலும் ஏறும். அப்புறம் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல் என்று போய், கடைசியில்தான் மருத்துவம், அறுவை, பிரசவம். பாடம் முழுக்க ஆங்கிலம். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் திணறும், அப்புறம் பழகிவிடும். மண்ணுத்தியில் நான் திணறியது ஆங்கிலத்தில் இல்லை, மலையாளத்தில். பேசத் தெரியும், ஆனால் விவசாயி சொல்லும் நோய்ப் பெயர் திருச்சூரில் வேறாக இருந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். சேர்ந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். 0, 7, அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று ஊசி. நாய் கடித்தால்தான் வரும் என்று நினைக்கிறோம். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று மாட்டின் வாயில் கைவிட்டுப் பார்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. வெறிபிடித்த மாடும் அப்படித்தான் எச்சில் வடியும்.

படித்து முடித்தபின்

1984-ஆம் வருஷச் சட்டப்படி மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் தொழில் செய்யலாம். மாநிலம் மாறினால் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லையோரத்தில் இது வெறும் சடங்கில்லை. வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து கூப்பிட்டாலும் அது வேறு மாநிலம்.

அரசு வேலைக்குக் கேரளத்தில் பி.எஸ்.சி. என்ற அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி வெட்டரினரி சர்ஜன் ஆகலாம், தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர். பால் சங்கங்கள் உண்டு. நாமக்கல், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை நிறுவனங்கள் உண்டு. ராணுவத்தில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. மேற்படிப்பு எம்.வி.எஸ்ஸி. இரண்டு வருஷம். நகரத்தில் நாய், பூனை கிளினிக் வைப்பவர்களுக்கு வருமானம் நன்றாக இருக்கிறது, ஒளிக்க வேண்டியதில்லை.

யானை பற்றி ஒரு வார்த்தை. டாப்சிலிப் நமக்குக் கூப்பிடு தூரம் என்பதாலோ என்னவோ, இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க வரும் பத்துப் பேரில் மூன்று பேருக்கு யானை டாக்டர் ஆக வேண்டும். அங்கே பணியாற்றிய டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் காட்டிலாகாவில் கால்நடை மருத்துவருக்கு இருக்கும் இடங்கள் கொஞ்சம், அவற்றுக்கும் பெரும்பாலும் கால்நடைத் துறையிலிருந்துதான் போகிறார்கள். அதற்கு முன்னால் நூறு எருமைக்கு நஞ்சுக்கொடி எடுத்திருக்க வேண்டும். எருமை சம்மதம் என்றால் யானைக்கு ஆசைப்படுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

இரண்டு முயற்சி போதும் என்று நினைக்கிறேன். மூன்றாவதற்கு வீட்டில் வசதி இருந்தால் சரி, கடன் வாங்கி வேண்டாம். மண்ணுத்தியில் பால் தொழில்நுட்பம் பி.டெக். இருக்கிறது, ஓசூரில் கோழியின தொழில்நுட்பம் இருக்கிறது, திருவிழாங்குன்றில் கோழி வளர்ப்புக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. மீனாட்சிபுரம் செக்போஸ்டில் ஓணத்துக்கு முன்னால் பால் லாரிகளை நிறுத்திச் சோதிக்கிறார்களே, அந்த ஆய்வக வேலையெல்லாம் பால் படிப்பு படித்தவர்களுக்கானது. விலங்கியலையே முடிப்பவர்களுக்குக் கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தில் வன உயிரினம் பற்றிய முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால் இவற்றில் எதைப் படித்தாலும் ஊசி போட்டுச் சிகிச்சை செய்யும் உரிமை வராது. “எல்லாம் ஒண்ணுதான்” என்று யாராவது சொல்லிச் சேர்த்துவிட்டால் ஏமாந்து போவீர்கள்.

அந்தப் பெண் இந்த வருஷம் கோயம்புத்தூர் மையத்தில் நீட் எழுதினாள். கீம் விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே போட்டுவிட்டாள். அவள் அப்பா பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்ததை மார்கழியிலேயே கண்டுபிடித்துத் திருத்தியும் ஆயிற்று. நேற்றுக் காலை சொசைட்டியில் பார்த்தேன். வடகரப்பதிப் பாட்டியின் பசு மறுபடி சினை பிடித்திருக்கிறதாம், “ஏனுங்க டாக்டர், இந்தத் தடவையும் விழுந்துருமா?” என்று பாட்டி கேட்கச் சொன்னாராம். விழ வாய்ப்பு இருக்கிறது, கடைசி மாதத்தில் தீவனத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.